குழப்படி செய்யும் ஓட்டோ போகஸ்: லென்ஸைத் திறக்கக் கொடுக்க முதல் கழற்றிப் பார்க்க வேண்டியவை

போகஸ் பிடிக்காத கமரா ஒன்று என் மேசைக்கு வந்தால் நான் முதலில் கமராவைப் பார்ப்பதில்லை. அதில் என்னென்ன பூட்டியிருக்கிறது என்றுதான் பார்ப்பேன். கீழே வேறு கொம்பனிக் கிரிப், அதற்குள் இரண்டு மலிவுப் பற்றரி, தலையில் பிளாஷ் ட்ரிகர், பக்கத்தில் ரிமோட் வயர், லென்ஸ் முகத்தில் யூவி பில்டர், லென்ஸுக்கும் உடலுக்கும் நடுவில் ஒரு அடாப்டர். கலியாணச் சீசனில் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் ஓடித் திரியும் கமராக்கள் அனேகமாக இந்தக் கோலத்தில்தான் இருக்கும். கொண்டு வருகிற தம்பிமார் “அண்ணை, லென்ஸ் மோட்டர் போட்டுது போல” என்று தீர்ப்பையும் சேர்த்தே கொண்டு வருவார்கள்.

மோட்டர் போவதும் உண்டுதான். ஆனால் லென்ஸைத் திறப்பது என்றால் வன்னியில் இருந்து அது அனேகமாகக் கொழும்புக்குத்தான் போகும். போய் வருவதற்குள் கையிலிருக்கும் ஓர்டர்கள் தவறிவிடும். செலவில்லாமல் வீட்டு வாசலில் நின்றே செய்யக்கூடிய சோதனைகளை முதலில் முடித்துவிடுங்கள்.

## எந்த அறிகுறிக்கும் முதல் வேலை

எல்லாவற்றையும் கழற்றுங்கள். கிரிப், ட்ரிகர், ரிமோட் வயர், மைக், ஜிம்பல் கேபிள், பில்டர், ஹூட், அடாப்டர், டெலிகொன்வேட்டர் (தூரத்தைக் கிட்டக் காட்ட லென்ஸுக்குப் பின்னால் பூட்டுவது), எதையும் விட வேண்டாம். கமராவோடு வந்த ஒரிஜினல் பற்றரியை முழுதாகச் சார்ஜ் ஏற்றி நேரே உடலுக்குள் போடுங்கள். அதே கொம்பனியின் லென்ஸ் ஒன்றை மாட்டுங்கள், கிற் லென்ஸ் போதும். லென்ஸில் உள்ள சுவிட்ச் ஏஎஃப் (ஓட்டோ போகஸ்) பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். பைக்குள் உரசி எம்எஃப் (கையால் போகஸ்) பக்கம் தள்ளுப்பட்ட சுவிட்சோடு ஐம்பது கிலோமீற்றர் வந்தவர்கள் இருக்கிறார்கள்.

பகல் வெளிச்சத்தில் வாசலில் நின்று, றோட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள கடைப் பெயர்ப்பலகையின் எழுத்தில் நடுப்புள்ளியை வைத்து ஷட்டரை அரைவாசி அழுத்துங்கள். பிறகு இரண்டு மீற்றர் தூரத்தில் உள்ள ஒன்றைப் பிடியுங்கள். தூரம், கிட்ட, தூரம், கிட்ட என்று மாறி மாறிச் செய்தால் போகஸ் வளையம் தன் முழு ஓட்டத்தையும் ஓடும்.

வெறுங்கமரா ஒழுங்காகப் பிடித்தால், பழுது மேசையில் கழற்றி வைத்த குவியலுக்குள் இருக்கிறது. ஒவ்வொன்றாக மாட்டி, ஒவ்வொரு தடவையும் அதே பலகையைப் பிடித்துப் பாருங்கள். இரண்டை ஒன்றாக மாட்டினால் மினக்கெட்டது வீண். எது குற்றவாளி என்று திரும்பவும் தெரியாது.

வெறுங்கமராவும் பிடிக்கவில்லை என்றால் பக்கத்து ஸ்ரூடியோவில் பத்து நிமிடம் இரவல் கேளுங்கள். உங்கள் லென்ஸை அவர்களின் உடலில், அவர்களின் லென்ஸை உங்கள் உடலில். பழுது லென்ஸோடு போனால் லென்ஸ், உடலோடு நின்றுவிட்டால் உடல். இந்த ஒரு சோதனையின் முடிவை எழுதி அனுப்பினாலே திருத்துகிறவரின் பாதி வேலை முடிந்துவிடும்.

## அறிகுறி: போகஸ் அசையவே இல்லை

முதலில் திரையில் அபெர்ச்சர் (லென்ஸின் வெளிச்சத் துவாரம்) எண் வரும் இடத்தைப் பாருங்கள்.

### அந்த இடத்தில் “00” அல்லது “எஃப்--” என்று நிற்கிறது

கெனானில் 00, நிக்கோனிலும் சோனியிலும் எஃப்--. லென்ஸ் பூட்டியிருப்பதே உடலுக்குத் தெரியவில்லை என்பதுதான் இதன் பொருள்.

லென்ஸைக் கழற்றி, கிளிக் என்று சத்தம் கேட்கும் வரை திருப்பிப் பூட்டுங்கள். அதற்கும் வராவிட்டால் நடுவில் இருக்கும் அடாப்டரையோ மக்ரோ வளையத்தையோ (மிகக் கிட்டப் படம் எடுக்கப் பூட்டுவது) கையில் எடுத்து உட்பக்கம் பாருங்கள். பொன்னிறப் பின்கள் இல்லாமல் வெறும் உலோக வளையமாக இருந்தால் அதில் ஓட்டோ போகஸ் எந்தக் காலத்திலும் வராது. கொழும்பில் மிகக் குறைந்த விலைக்கு வாங்கி வருகிற மக்ரோ வளையங்கள் அனேகமாக இந்த வகைதான். அது பழுது அல்ல, சாமானே அப்படி. பின்கள் இருந்தும் எண் வரவில்லை என்றால் துடைக்க வேண்டும். அதைக் கீழே “சிலநேரம் பிடிக்கும்” என்ற பகுதியில் சொல்கிறேன்.

நிக்கோனில் “எஃப்ஈஈ” என்று மின்னினால் அது வேறு கதை. அபெர்ச்சர் வளையம் உள்ள பழைய லென்ஸில், வளையத்தை ஆகப் பெரிய எண்ணுக்குத் திருப்பிப் பூட்டவில்லை. திருப்பிப் பூட்டினால் முடிந்தது.

### எண் சரியாக வருகிறது, மோட்டர் மட்டும் அசையவில்லை

பின்பக்கம் உள்ள ஏஎஃப்-ஓன் பட்டனை, அல்லது கெனானில் நட்சத்திரப் பட்டனை அழுத்திப் பாருங்கள். அதில் பிடித்தால் எதுவும் பழுதில்லை. முன்பு பாவித்தவர் போகஸை ஷட்டர் பட்டனில் இருந்து எடுத்துப் பின்பட்டனுக்குக் கொடுத்திருக்கிறார். கனடாவில் இருந்தோ சுவிஸில் இருந்தோ சொந்தக்காரர் கொண்டு வந்து கொடுத்த உடல்களில் இது அடிக்கடி வருகிறது. மெனு பிரெஞ்சில் இருந்தால் முதலில் மொழியை மாற்றி, பிறகு கமராவை ரீசெற் பண்ணுங்கள்.

அடுத்தது பொருத்தம். நிக்கோன் டி3000, டி5000 வரிசை உடல்களுக்குள் போகஸ் மோட்டர் கிடையாது. 50 மி.மீ எஃப் 1.8 டி மாதிரியான ஏஎஃப்-டி லென்ஸ்களை அவற்றில் பூட்டினால் கையால்தான் திருப்ப வேண்டும். அதேபோல ஏஎஃப்-பி என்று எழுதிய புதிய கிற் லென்ஸ்கள் டி3200, டி5100 போன்ற பழைய உடல்களில் போகஸ் பண்ணாது. வெளிநாட்டில் ஒருவர் உடலும் இன்னொருவர் லென்ஸும் வாங்கிக் கொடுத்தால் இந்தச் சோடி சேராத சோடி வந்து சேரும். மேலும் கீழும் தேடி மோட்டரை மாற்றுவதற்கு ஒன்றுமில்லை; லென்ஸை மாற்றிக்கொள்வதுதான் வழி.

கெனான் ஈஎஃப் லென்ஸை சோனி உடலில் அடாப்டரோடு பாவிக்கிறவர்கள், அடாப்டர் செய்த கொம்பனியின் பட்டியலில் அந்த லென்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். நல்ல அடாப்டர்களில் யூஎஸ்பி ஓட்டை ஒன்று பக்கத்தில் இருக்கும். அதன் வழியாகத்தான் பேம்வெயார் (உள்ளே ஓடும் மென்பொருள்) ஏற்ற வேண்டும். நேற்று வரை பிடித்தது இன்று பிடிக்கவில்லை, இடையில் கமரா பேம்வெயாரைப் புதுப்பித்தீர்கள் என்றால் சந்தேகமே வேண்டாம், அங்கேதான் உதைக்கிறது. வேறு கொம்பனி லென்ஸோ அடாப்டரோ வைத்திருப்பவர்கள் கலியாணத்துக்கு முதல்நாள் இரவு உடலின் பேம்வெயாரில் கை வைக்கக் கூடாது.

கடைசியாக, லென்ஸைச் சுற்றி மாட்டிய ரப்பர் பட்டி, போலோ போகஸ் பல்லு வளையம் (வீடியோவில் போகஸைக் கையால் திருப்பப் பூட்டுவது). பழைய 18-55 போன்ற லென்ஸ்களில் ஓட்டோ போகஸ் ஓடும்போது முன் வளையமும் சேர்ந்து சுற்றும். பட்டி இறுக்கிப் பிடித்தால் மோட்டர் முனகும், நகராது. மழைக்குச் சுற்றிக் கட்டிய பொலித்தீன் பையும் இதே வேலையைச் செய்யும்.

## அறிகுறி: முன்னும் பின்னும் ஓடுகிறது, நிற்பதில்லை

### பில்டர் பூட்டியிருந்தால்

டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி உள்ள) கமராவில் பொலரைசர் (பளபளப்பை வெட்டும் பில்டர்) பூட்டியிருந்தால், அது சேர்குலர் வகையா லீனியர் வகையா என்று விளிம்பில் பாருங்கள். லீனியர் வகை டிஎஸ்எல்ஆரின் அரைக் கண்ணாடிக்குள்ளால் போகும் வெளிச்சத்தைக் குழப்பும். மலிவு வேரியபிள் என்டி பில்டர்களும் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) இதையே செய்யும். உள்ளுக்குள் இரண்டு பொலரைசர்தான் இருக்கின்றன. பத்து ஸ்ரொப் என்டி (ஒரு ஸ்ரொப் என்றால் வெளிச்சம் பாதியாகும்) என்றால் பில்டர் இல்லாமல் போகஸ் பிடித்து, சுவிட்சை எம்எஃப்-க்கு மாற்றி, அதன் பிறகு பூட்டுங்கள்.

### டெலிகொன்வேட்டர் பூட்டியிருந்தால்

1.4 மடங்கு ஒரு ஸ்ரொப் குடிக்கும், 2 மடங்கு இரண்டு ஸ்ரொப் குடிக்கும். பெரும்பாலான டிஎஸ்எல்ஆர்களின் போகஸ் புள்ளிகள் எஃப் 5.6 வரைக்கும்தான் நம்பிக்கையானவை. சில உடல்களில் நடுப்புள்ளியும் பக்கத்தில் சிலதும் எஃப் 8 வரை தாங்கும். எஃப் 5.6 லென்ஸில் 2 மடங்கு போட்டால் எஃப் 11. அங்கே ஓட்டோ போகஸை எதிர்பார்க்க முடியாது. கொம்பனிக் கொன்வேட்டர் இதை உடலுக்குச் சொல்லிவிடும், உடல் போகஸை நிறுத்திவிடும். வேறு கொம்பனிக் கொன்வேட்டர்கள் சில, உண்மையான எண்ணைச் சொல்லாமல் மறைத்துவிடும். உடல் முடியாத வேலையை முயன்று கொண்டே இருக்கும். அதுதான் அந்த ஓட்டம். பின்னில் டேப் ஒட்டி உடலை ஏமாற்றும் யோசனையைச் சொல்லிக் கொடுக்கிறவர்களும் உண்டு, பலனும் இதேதான். மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கமராக்களில் இந்த எல்லை நிறையத் தளர்ந்துவிட்டது.

கொன்வேட்டரைக் குற்றம் சொல்ல முதல் நேரத்தையும் பாருங்கள். மன்னாரில் பூநாரை எடுக்கவோ ஆனையிறவு உப்பளப் பக்கமோ பகல் பதினொரு மணிக்குப் பிறகு போய், நூறு மீற்றருக்கு அப்பால் உள்ளதை 600 மி.மீ-இல் பிடித்தால், நடுவில் கானல் நெளிகிறது. எந்த லென்ஸும் அதில் தடுமாறும். அதே பறவைகளை விடிய ஆறரைக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு வந்து கொன்வேட்டரைத் திட்டுங்கள்.

### ஒன்றும் பூட்டவில்லை என்றால்

பற்றரியை மாற்றுங்கள். கள்ளப் பற்றரி அறுபது வீதம் என்று காட்டிக்கொண்டே மோட்டர் இழுக்கும்போது வோல்டேஜ் விழுந்துவிடும். 70-200 மாதிரிப் பாரமான லென்ஸில் இது முதலில் தெரியும். அதற்கும் சரிவராமல் ஒரே தூரத்தில் வந்து வந்து தட்டுப்பட்டுத் திரும்புகிறது என்றால் லென்ஸுக்குள் புழுதியோ தேய்மானமோ இருக்கலாம். கச்சான் காற்றுக் காலத்தில் கிறவல் றோட்டில் மோட்டார் சைக்கிளில் திறந்த பையோடு திரிந்த லென்ஸ் என்றால் அதற்கு வாய்ப்பு அதிகம். அதை நீங்கள் திறக்க வேண்டாம்.

## அறிகுறி: பீப் அடிக்கிறது, பச்சைப் புள்ளி வருகிறது, படம் மட்டும் மங்கல்

இதில்தான் ஆக்கள் கூடக் காசு இழக்கிறார்கள். லென்ஸைச் செற்றிங்குக்கு அனுப்பி, அது அப்படியே திரும்பி வந்து, கடைசியில் குற்றவாளி முன்னால் இருந்த பில்டராக இருக்கும். ஆகவே இதே ஒழுங்கில் செய்யுங்கள்.

ஒரு பழைய பத்திரிகையை மேசையில் விரித்து, நடுவில் ஒரு தலைப்புக்குக் கீழே மார்க்கரால் தடித்த கோடு ஒன்று இழுங்கள். கமராவை ட்ரைபொட்டில் வைத்து, பத்திரிகையைச் சரிவாகப் பார்க்கும்படி நிறுத்துங்கள். தூரம் லென்ஸின் மி.மீ-ஐப் போல ஏறத்தாழ ஐம்பது மடங்கு; 50 மி.மீ என்றால் இரண்டரை மீற்றர். அபெர்ச்சர் முழுதாகத் திறந்தது, ஷட்டர் வேகமானது, கையால் தொடாமல் இரண்டு செக்கன் டைமர். நடுப்புள்ளியைக் கோட்டில் வைத்து எடுங்கள். ஒவ்வொரு தடவைக்கும் முன்னால் வளையத்தைக் கையால் கலைத்துவிட்டு மறுபடி பிடிக்கவிட வேண்டும். பில்டரோடு சில படம், பில்டர் இல்லாமல் சில படம்.

### பில்டரைக் கழற்றியதும் கூர்மை வந்துவிட்டது

பில்டரைக் குப்பையில் போடுங்கள். சந்தேகம் இருந்தால் அதைக் கையில் சாய்த்துப் பிடித்து, கூரையில் உள்ள குழல் விளக்கின் பிம்பம் அதில் விழும்படி மெதுவாக அசையுங்கள். நல்ல கண்ணாடியில் விளக்கு நேர்கோடாகவே நகரும். மட்டமான கண்ணாடியில் கோடு நடுவில் வயிறு வைத்து நெளியும்; சிலதில் பக்கத்தில் இரண்டாவது மங்கல் கோடும் தெரியும். 18 மி.மீ-இல் அந்த நெளிவு கண்ணுக்குப் படாது. 200, 300 மி.மீ-இல் மணவறையில் இருக்கிற பொம்பிளையின் கண்ணிமை பஞ்சாகிவிடும். லென்ஸைக் காக்க என்று பூட்டுவது படத்தைத் தின்னும் என்றால் ஹூட் ஒன்றே போதும் என்பது என் கட்சி. கடற்கரைக்குப் போகும்போது மட்டும் நல்ல பில்டர் ஒன்றைப் பூட்டுவேன்.

### பில்டர் இல்லாமலும் மங்கல், ஆனால் லைவ் வியூவில் கூர்மை

டிஎஸ்எல்ஆரில் வியூபைண்டர் வழியாகப் பிடிக்கும் போகஸ் வேறு சென்சரில் நடக்கிறது. லைவ் வியூவில், அதாவது பின்திரையில் பார்த்து எடுக்கும்போது, படம் விழும் சென்சரிலேயே நடக்கிறது. இரண்டும் ஒத்துப் போகவில்லை என்றால் லென்ஸ் ஒவ்வொரு தடவையும் கோட்டுக்கு முன்னால் அல்லது பின்னால் ஒரே பக்கமாகத் தவறும். சிக்மா, டம்ரொன், யொங்னோ லென்ஸ்களில் இது கொஞ்சம் கூட. கெனான் 5டி மார்க் 3, 6டி, 70டி, 80டி, நிக்கோன் டி7000 வரிசை, டி750 போன்றவற்றில் மெனுவுக்குள் இதற்குத் திருத்தம் இருக்கிறது, சைபரில் இருந்து இரண்டு பக்கமும் 20 வரை. ஐந்து ஐந்தாக நகர்த்திப் பாருங்கள். கெனான் 1200டி, 700டி, 60டி, நிக்கோன் டி3000, டி5000 வரிசைகளில் இந்த வசதி இல்லை. சிக்மாவின் புதிய லென்ஸ்களுக்கு யூஎஸ்பி டொக், டம்ரொனுக்கு டப்-இன் கொன்சோல் இருக்கின்றன; கொம்பியூட்டரில் தொடுத்து இதே திருத்தத்தைச் செய்யும் சாமான்கள். ஒரு லென்ஸுக்காக வாங்குவது வீண் செலவு. நாலு ஸ்ரூடியோக்காரர் சேர்ந்து வாங்கி வைத்தால் பிரயோசனம்.

பில்டரோ கொன்வேட்டரோ பூட்டியபடி இந்தத் திருத்தத்தைச் செய்யாதீர்கள். கழற்றிய நாளில் எல்லாம் மாறிப் போகும். ஒருநாள் முன்னால், ஒருநாள் பின்னால் என்று தவறுகிற லென்ஸுக்கும் இது மருந்தல்ல. அது தளர்வு, மேசைக்கு வர வேண்டியது.

### லைவ் வியூவிலும் மங்கல்

கை நடுக்கமோ ஷட்டர் வேகமோ இல்லை என்று உறுதியானால் கண்ணாடிக்குள் பூஞ்சணம், விழுந்து நகர்ந்த எலிமென்ட், அல்லது ஆட்டம் காணும் அடாப்டர். டோர்ச் அடித்து லென்ஸுக்குள் பாருங்கள். நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சணம். மார்கழி மழைக்குள் அலுமாரியில் பூட்டி வைத்த லென்ஸ்கள் தை மாதத்தில் வரிசையாக வரும்.

வியூபைண்டரில் மங்கல், எடுத்த படம் கூர்மை என்றால் போகஸில் ஒன்றுமில்லை. கண் பக்கத்தில் உள்ள சின்னச் சில்லு உருண்டிருக்கிறது. திருப்பிச் சரிசெய்யுங்கள்.

## அறிகுறி: தொடாமலே போகஸ் ஓடுகிறது, அல்லது ஒருமுறை பிடித்து அப்படியே பூட்டுப்பட்டு நிற்கிறது

கூடவே இவையும் இருக்கும்: மெனு திறக்காது, திறந்தாலும் உடனே மூடும், கமரா தூங்காது, பற்றரி கெதியாக இறங்கும். இந்த மூன்றில் ஒன்றாவது இருந்தால், யாரோ ஷட்டரை அரைவாசி அழுத்திப் பிடித்திருக்கிறார்கள் என்றுதான் கமரா நினைத்துக்கொண்டிருக்கிறது. சேர்வோ மோட்டில் (அசைவதை விடாமல் தொடரும் மோட்) அது ஓயாமல் ஓடும். வன் ஷொட் மோட்டில் பிடித்த இடத்திலேயே நின்றுவிடும். எத்தனை தரம் ஷட்டரை அழுத்தினாலும் புதிதாகப் பிடிக்காது. ஒரே பழுது இரண்டு உருவத்தில் வருவதால்தான் பலர் இதைக் கண்டுபிடிப்பதில்லை.

ரிமோட் வயரைப் பிடுங்குங்கள். சிறிய கெனான் உடல்களுக்கு வரும் 2.5 மி.மீ ஜக்கில் மூன்று பகுதி இருக்கிறது: நுனி படம் எடுக்க, நடு வளையம் போகஸுக்கு, அடி கிரவுண்ட். நடு வளையம் அடியோடு தொட்டால் அரை அழுத்து. மலிவு வயரில் ஜக்கின் கழுத்து மடிந்து மடிந்து உள்வயர் உரிந்து இதைச் செய்யும். வயர் இல்லாத ரிமோட், ட்ரிகரின் ஷட்டர் கேபிள் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். பிடுங்கியும் நிற்கவில்லை என்றால் ஜக் ஓட்டைக்குள் டோர்ச் அடியுங்கள். வியர்வையும் உப்புக் காற்றும் சேர்ந்து பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் அது உள்ளுக்குள்ளேயே தொடுகிறது. முல்லைத்தீவு, நாயாறு கரையோரத்தில் படம் எடுக்கிறவர்கள் அந்த ரப்பர் மூடியைத் தொலைக்கக் கூடாது.

அடுத்தது கிரிப். கிரிப்பிலும் ஒரு ஷட்டர் பட்டன் இருக்கிறது. குத்தாகப் பிடிக்காத நேரத்தில் அதன் லொக் சுவிட்சை மூடி வையுங்கள். மூடியும் ஓடினால் கிரிப்பைக் கழற்றுங்கள். கழற்றியதும் நின்றால் பட்டனுக்கு அடியில் வியர்வை இறங்கிவிட்டது. வேறு கொம்பனிக் கிரிப்பைத் திறந்து துடைத்துப் பார்க்கலாம், கெட்டுப்போனால் நட்டம் பெரிதல்ல. கமரா உடலில் உள்ள ஷட்டர் பட்டனே இப்படிச் செய்தால் அது திருத்துகிறவரின் வேலை.

இதற்கு நேர்மாறு, குத்தாகப் பிடித்தால் மட்டும் போகஸ் வேலை செய்யவில்லை: லொக் திறந்திருக்கிறதா, கிரிப்பை உடலோடு சேர்க்கும் பெரிய சில்லு இறுக்கமாக இருக்கிறதா. அவ்வளவுதான்.

## அறிகுறி: சிலநேரம் பிடிக்கும், சிலநேரம் இல்லை; கெனானில் “எர் 01”

எர் 01 என்றால் உடலுக்கும் லென்ஸுக்கும் பேச்சு அறுந்துவிட்டது. திரையைப் பார்த்தபடி லென்ஸை மெல்ல மேலும் கீழும் அசையுங்கள். அபெர்ச்சர் எண் மறைந்து மறைந்து வந்தால் தொடுப்பில்தான் பழுது. லென்ஸ் பூட்டிய இடத்தில் சுற்றுவாட்டில் இத்தனியூண்டு அசைவது இயல்பு. மேல் கீழாக ஆடக் கூடாது.

அடாப்டர், கொன்வேட்டர், மக்ரோ வளையம் எது நடுவில் இருந்தாலும் அதை எடுத்துவிட்டு அதே அசைவைச் செய்யுங்கள். ஒவ்வொரு வளையமும் இன்னொரு சோடி பின்னைச் சேர்க்கிறது. பாரமான லென்ஸை மலிவு அடாப்டரில் தொங்கவிட்டு, உடலை மட்டும் ட்ரைபொட்டில் பூட்டினால் நாலு ஸ்குரூவும் மெல்ல மெல்லத் தளரும். லென்ஸுக்குக் கொலர் (லென்ஸை ட்ரைபொட்டில் பூட்டும் வளையம்) இருந்தால் கொலரில் பூட்டுங்கள்.

பின்களைத் துடைப்பது: பற்றரியை எடுத்துவிட்டு, நூல் விடாத துணியில் ஐசோபுரோப்பைல் அற்ககோல் ஒரு சொட்டு விட்டு, லென்ஸ் பக்கமும் உடல் பக்கமும் துடையுங்கள். உடலின் வாயைக் கீழே பார்க்கப் பிடித்துச் செய்தால் புழுதி உள்ளே விழாது. உடல் பக்கப் பின்கள் ஸ்பிரிங்கில் நிற்பவை. ஒன்று மட்டும் உள்ளே அமிழ்ந்து நிற்கிறதா என்று பக்கவாட்டில் பாருங்கள். பாமசியில் வாங்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் வேண்டாம், பலதில் ஆமணக்கு எண்ணெய் கலந்திருக்கும், படலம் விடும். மண்தாள் தேய்த்துப் பொன்முலாமை உரித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடிவதில்லை.

துடைத்தும் எர் 01 வந்தால் இதைப் பாருங்கள்: லென்ஸின் அபெர்ச்சரை முழுதாகத் திறந்து எடுத்தால் படம் விழுகிறது, எஃப் 8-க்கு மூடினால் எர் 01 வருகிறது. அப்படியென்றால் லென்ஸுக்குள் அபெர்ச்சருக்குப் போகும் பிளெக்ஸ் கேபிள் உடைந்திருக்கிறது. சூமின் ஒரு இடத்தில் மட்டும் எர் வந்தாலும் அதேதான். அனுப்புங்கள். அதுவரைக்கும் முழுதாகத் திறந்து வைத்து வேலையை ஒப்பேற்றலாம்.

## அறிகுறி: போகஸ் புள்ளி தானாக இடம் மாறுகிறது

தொடுதிரை. இடது கண்ணால் பார்க்கிறவர்களின் மூக்கு திரையில் பட்டுப் புள்ளியை இழுத்துக்கொண்டு போகும். தடித்த டெம்பர்ட் கண்ணாடி ஒட்டி, அதற்குக் கீழே காற்றுக் குமிழ் இருந்தால் தொடாமலேயே துள்ளும். வார் நுனி, மழைத்துளி, வியர்வை எல்லாம் விரலாகத்தான் தெரியும். மெனுவில் தொடுகையை நிறுத்திப் பாருங்கள், பிறகு கண்ணாடியை உரித்துப் பாருங்கள். பெரிய ரப்பர் கண்மூடி பூட்டியவர்கள், அது கண் சென்சரை மறைக்கிறதா என்றும் பாருங்கள். மறைத்தால் பின்திரை அணைந்து தொடு போகஸே போய்விடும்.

## அறிகுறி: பகலில் நல்லது, இரவில் மட்டும் பிடிப்பதில்லை

வற்றாப்பளைப் பொங்கலில் புகைக்கும் சனத்துக்கும் நடுவில் எஃப் 5.6 கிற் லென்ஸ் தடுமாறினால் அது பழுதல்ல. நடுப்புள்ளியை, வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் விளிம்பில் வையுங்கள்.

மண்டபத்தில் பிளாஷ் பூட்டியும் பிடிக்கவில்லை என்றால் மூன்று விடயம். சேர்வோ மோட்டில் (நிக்கோன், சோனியில் ஏஎஃப்-சி) பிளாஷின் சிவப்பு உதவி வெளிச்சம் எரியாது. வன் ஷொட்டுக்கு மாறுங்கள். மிரர்லெஸ் கமராக்களில் பெரும்பாலானவை பிளாஷின் அந்தச் சிவப்புக் கட்டத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. கமராவின் சொந்த விளக்குத்தான், அதைப் பெரிய ஹூட் மறைத்திருக்கும். மூன்றாவது, மலிவு ட்ரிகரை நடுவில் பூட்டி அதற்கு மேல் பிளாஷ் வைத்தால் சிவப்பு வெளிச்சக் கட்டளை மேலே போவதே இல்லை.

## அறிகுறி: வீடியோவில் மட்டும்

ஜிம்பலில் (கமராவை ஆடாமல் பிடிக்கும் கருவி) இருந்து கமராவுக்குப் போகும் கேபிளைப் பிடுங்குங்கள். சில உடல்கள் அந்த யூஎஸ்பி தொடுப்பைக் கொம்பியூட்டர் என்று எடுத்துக்கொண்டு வேறு மோட்டுக்குப் போய்விடும். பிறகு டம்மி பற்றரியையும் (பற்றரிக்குப் பதிலாகப் போடும் வயர் கட்டை) பவர் பாங்கையும் கழற்றிப் பாருங்கள். ஜெனரேற்றரில் ஓடும் மணவறை எல்ஈடி விளக்குகள் மினுங்கினால் போகஸும் நடுங்கலாம். இலங்கை மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் ஷட்டரை 50-இல் ஒன்று அல்லது 100-இல் ஒன்று என்று வையுங்கள்.

## இதற்கு மேல் நீங்கள் கை வைக்க வேண்டாம்

வெறுங்கமராவில், ஒரிஜினல் பற்றரியில், இரவல் லென்ஸிலும் அதே பழுது. போகஸ் வளையம் கையால் திருப்பும்போதே அரைபடுகிறது, இடையில் இறுகுகிறது. விழுந்த பிறகு தொடங்கியது. பின் அமிழ்ந்து எழும்பாமல் நிற்கிறது. கடல் தண்ணீர் பட்டது. இதில் மட்டும் நாளை என்று சொல்லாதீர்கள், பற்றரியைக் கழற்றி, ஓன் பண்ணிப் பார்க்காமல் அன்றைக்கே அனுப்புங்கள். அரிசிப் பானைக்குள் வைத்தால் உப்பு போகாது.

மலிவான வேறு கொம்பனி லென்ஸில் மோட்டர்தான் போயிருக்கிறது என்றால், திருத்தக் கேட்கும் தொகையையும் பாவித்த லென்ஸ் ஒன்றின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 50 மி.மீ எஃப் 1.8 வகைகளைத் திருத்துவது அனேகமாகக் கட்டுபடியாகாது. 70-200, 24-105 திருத்தத் தக்கவை.

பார்சலில் உடல், பழுது வருகிற அந்த லென்ஸ், இரண்டுக்கும் மூடி. மெமரி கார்ட்டையும் வாரையும் வீட்டில் வையுங்கள், தொலைந்தால் சண்டை. ஒரு தாளில் எழுதுங்கள்: என்ன அறிகுறி, எப்போது வருகிறது, எதைக் கழற்றிப் பார்த்தீர்கள், இரவல் உடலில் என்ன நடந்தது. “போகஸ் சரியில்லை” என்று மட்டும் எழுதி அனுப்பினால் சோதனைக் கூலி ஒன்று தனியாக வரும். சீரியல் இலக்கத்தை போனில் படம் எடுத்துவிட்டு அனுப்புங்கள். பழுது ஒரு கிரிப்போடோ அடாப்டரோடோ மட்டும்தான் வருகிறது என்றால் கமராவை அனுப்பவே தேவையில்லை. அந்தச் சாமானை, பில் இருந்தால், விற்றவரிடம் திருப்பிக் கொடுங்கள்.